கிண்ணத்தின் அடியில் தங்கிய சிவப்புத் தண்ணீர்

"ஜாம் சூப்பரா இருக்கு சித்தி. என்ன, கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றாள் அக்கா மகள். நான் ஜாம் செய்யவில்லை. ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, ராஸ்பெர்ரி மூன்றும் கைக்குக் கிடைக்கிற பருவமாயிற்றே என்று, கால் கடுக்க நின்று நறுக்கி, வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்து, சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ள சால்சா செய்திருந்தேன். கலந்து வைத்தபோது பார்க்க வேண்டுமே! சிவப்பும் கருநீலமும் பச்சையும் தனித்தனியாக மின்னின. மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு மூடியைத் திறந்தால், பாதிக் கிண்ணம் சிவப்புத் தண்ணீர். அதற்குள் துவைத்துப் போட்ட துணி மாதிரி பழத்துண்டுகள் கிடந்தன. ராஸ்பெர்ரி இருந்த இடமே தெரியவில்லை. அவளுக்கு 14 வயது. மற்ற விஷயங்களில் எப்படியோ, சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள். அவள் கண்ணுக்கு அது ஜாமாகத்தான் தெரிந்திருக்கிறது.

சிப்ஸை அதில் தோய்த்து எடுத்தவர்கள் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளி வைத்தார்கள். அண்ணன் மட்டும் வாயைத் திறந்தார். "ஸ்ட்ராபெர்ரியில போய் யாராவது வெங்காயம் போடுவாங்களாம்மா?" அந்தக் கேள்வியும் ஜாம் என்ற அந்த ஒரு சொல்லும் சேர்ந்து பல நாட்கள் என்னை விடவில்லை. சமைத்தது கெட்டுப்போவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இதில் சமையலே கிடையாதே! அடுப்பு பற்ற வைக்கவில்லை, எண்ணெய் இல்லை, கருகுவதற்கோ குழைவதற்கோ வழியே இல்லை. வெறுமனே நறுக்கிக் கலக்குகிற ஒன்றில் ஒருவர் எப்படித் தோற்க முடியும் என்பதுதான் உறுத்தியது.

அடுத்த சில வாரங்களில் நான்கைந்து முறை செய்து பார்த்தேன். தண்ணீர் விடுவது உப்பால்தான் என்று உப்பைப் பாதியாக்கினேன். தண்ணீர் குறைந்தது, ருசியும் குறைந்தது. உப்பே போடாமல் செய்தேன். பழக்கலவையில் யாரோ தவறுதலாக வெங்காயத்தைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. துண்டுகளைப் பெரிதாக வெட்டினால் தண்ணீர் விடாது என்று நினைத்துப் பெரிதாக வெட்டினேன். சிப்ஸில் ஒன்றுகூட நிற்காமல் உருண்டு விழுந்தது. நன்றாகக் குளிர வைத்தால் இறுக்கமாக இருக்கும் என்று ஃபிரிட்ஜின் ஆழத்தில் வைத்தேன். இறுகவும் இல்லை, வாசனையும் போய்விட்டது. குளிர்ந்த பழத்திலிருந்து மணம் சரியாக எழும்பாது. ஸ்ட்ராபெர்ரியின் ருசியில் பெரும்பங்கு மணம்தான். நாக்கு அதில் அறிவது கொஞ்சம் இனிப்பையும் கொஞ்சம் புளிப்பையும் மட்டுமே.

பெயரிலேயே உப்பு

அண்ணனின் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் சால்சா என்ற சொல்லையே கவனித்துப் பார்த்தேன். ஸ்பானிய மொழியில் அதற்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, சாறு என்கிற பொதுவான பொருள். வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே அது 'உப்பிட்டது' என்ற பொருளில் வரும் சொல். பெயரிலேயே உப்பு உட்கார்ந்திருக்கிறது, நானோ வாரக்கணக்கில் உப்பைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள்தான் நானும். ஆனால் பழம் என்றதும் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போய்விடுகிறது. முதல் தடவை இரண்டு கரண்டி சர்க்கரை வேறு போட்டிருந்தேன். இதை இத்தனை நேரம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான்.

பழத்தில் மிளகாயும் உப்பும் புளிப்பும் சேர்ப்பது நேற்று யாரோ சமையலறையில் கண்டுபிடித்த குறும்பும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சகாகுன், சந்தையில் சாறு விற்பவர்கள் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். மிளகாய், தக்காளி, பூசணி விதை என்று போகிறது அந்தப் பட்டியல். இன்றும் 'பீகோ தெ காயோ' என்றால் பெரும்பாலோருக்குத் தக்காளியும் வெங்காயமும் பொடியாக நறுக்கிக் கலந்த, சமைக்காத சால்சாதான் நினைவுக்கு வரும். மெக்சிகோவின் ஹலிஸ்கோ பகுதியிலோ அதே பெயரில் ஆரஞ்சு, வெள்ளரி, ஹீகமா என்ற கிழங்கு எல்லாவற்றையும் வெட்டி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கொடுப்பார்கள். பழமும் காரமும் அங்கே பழைய உறவுக்காரர்கள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். "அது ஆரஞ்சு. ஸ்ட்ராபெர்ரி வேற" என்றார். சரி, ஸ்ட்ராபெர்ரிக்கே வருவோம் என்று அடுத்த முறை தயாராகப் போனேன். நாம் இன்று சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெர்ரிக்குத் தாயும் தந்தையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஒன்று வட அமெரிக்காவின் சிறிய, மணமுள்ள காட்டு ஸ்ட்ராபெர்ரி. மற்றொன்று சிலி நாட்டின் பெரிய பழம். சிலியின் கோட்டைகளை நோட்டம் பார்க்கப் போன ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1714இல் திரும்பி வந்தபோது அந்தச் செடிகளையும் கொண்டுவந்தார். கொண்டுவந்தவை பெண் செடிகள், தனியாக இருந்தவரை சரியாகக் காய்க்கவில்லை. பிரான்சில் வட அமெரிக்கச் செடியின் பக்கத்தில் வளர்ந்தபோது இரண்டும் கலந்தன. அந்தக் கலப்புதான் இன்றைய பழம். 1766இல் துஷேன் என்ற இளம் தாவரவியலாளர் இதை விளக்கி எழுதினார். ஆக, தக்காளி, மிளகாய், ஸ்ட்ராபெர்ரியின் பெற்றோர் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கிளம்பியவை. ஒரு கிண்ணத்தில் மறுபடி சந்தித்தால் என்ன குற்றம்? அண்ணன் "ம்" என்றார். அவரிடமிருந்து அதுவே அதிகம்.

பெர்ரி எது?

இந்த வாதத்தில் எனக்கே ஒரு இடத்தில் சறுக்கியது. தாவரவியல்படி ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை. பூவின் சூற்பை முழுவதும் சதையாகி, அதற்குள் விதை இருந்தால்தான் அது பெர்ரி, பாடப்புத்தகத் தமிழில் சதைக்கனி. ஸ்ட்ராபெர்ரியில் நாம் சாப்பிடும் சதை, பூ உட்கார்ந்திருந்த பூத்தளம் வீங்கியது. மேலே விதை என்று நினைக்கிறோமே, அந்த ஒவ்வொரு புள்ளியும்தான் உண்மையான கனி. ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் பல சின்னஞ்சிறு கனிகள் ஒட்டிக்கொண்ட திரள்கனிகள். புளூபெர்ரி பெர்ரிதான். அது மட்டுமா? தக்காளி பெர்ரி, மிளகாய் பெர்ரி, அவகாடோவும் பெர்ரி. அதாவது உலகம் முழுக்கச் செய்கிற சாதாரணத் தக்காளி சால்சாதான் அசல் பெர்ரி சால்சா. நான் ஏதோ புதுமை செய்வதாக நினைத்துக்கொண்டு அதிலிருந்து பெர்ரியை எடுத்துவிட்டு பெர்ரி அல்லாததைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது வெறும் வம்புப் பேச்சு மாதிரி தெரியும். கத்தியைக் கையில் எடுத்தால் அப்படி இல்லை. புளூபெர்ரிக்கு முழுத்தோல் உண்டு, அதன் மேல் வெள்ளைப் பூச்சாக ஒரு மெழுகும் உண்டு. வெட்டாத வரை உப்பு அதை ஒன்றும் செய்யாது. ராஸ்பெர்ரியைக் காம்பிலிருந்து எடுத்ததுமே நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடும். நம் கையில் இருப்பது குழிவான ஒரு தொப்பி, கரண்டி பட்டாலே உதிரும். ஸ்ட்ராபெர்ரியோ நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர், தோல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, பொடியாக நறுக்கினால் எல்லாப் பக்கமும் வெட்டுவாய். அதன் மேல் உப்பு விழுந்தால் உப்பு கரைந்து, வெளியே அடர்த்தியான கரைசலாகி, உள்ளே இருக்கும் தண்ணீரை இழுக்கும். சர்க்கரையும் இதே வேலையைத்தான் செய்யும். அன்று நான் இரண்டையும் போட்டு, எலுமிச்சையும் பிழிந்து, இரண்டு மணி நேரம் அவகாசமும் கொடுத்திருந்தேன். பழத்தைச் சாறாக்க இதைவிடச் சிறந்த வழி தேடினாலும் கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. உப்பு போட்டால் தண்ணீர், போடாவிட்டால் சப்பை. நடுவில் எங்கோ ஒரு சரியான அளவு இருக்கிறது என்று சிட்டிகை சிட்டிகையாகத் தேடிக்கொண்டிருந்தேன். இதில் தக்காளிக்கு ஒரு சலுகை இருப்பது அப்போதுதான் புரிந்தது. பழுத்த தக்காளியில் குளூட்டமேட் இயல்பாகவே நிறைய உண்டு. நாக்கில் ஊறி நிற்கும் அந்தச் சுவையை அதுதான் தருகிறது. பெர்ரிகளில் அது கிடையாது என்றே சொல்லலாம். எனவே தக்காளியை எடுத்துவிட்டு ஸ்ட்ராபெர்ரி போடும்போது உப்பு இன்னும் முக்கியமாகிறது. நான் போய்க்கொண்டிருந்தது நேர் எதிர்த் திசையில்.

பாத்திரம் கழுவிய இரவு

ஐந்தாவது தடவையும் அதேபோல் ஆகிவிட்ட ஒரு நாள். எல்லோரும் போன பிறகு கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். அடியில் ஒரு கை அளவு சிவப்புத் தண்ணீர் கிடந்தது. தொட்டியில் ஊற்றப்போனவள், ஏதோ தோன்றி, கிண்ணத்தைச் சாய்த்து ஒரு வாய் குடித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். நான் இத்தனை வாரமாகத் தேடிய சால்சாவின் ருசி அதில்தான் இருந்தது. புளிப்பு, பின்னாலேயே காரம், அதற்கும் பின்னால் ஸ்ட்ராபெர்ரியின் மணம், எல்லாவற்றையும் பிடித்துக் கட்டிய உப்பு. சக்கையைத் தட்டில் வைத்துவிட்டுச் சாற்றைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும்.

கிண்ணத்தின் ஓரத்தில் நாலைந்து வெங்காயத் துண்டுகள் ஒட்டியிருந்தன. விரலால் எடுத்து வாயில் போட்டேன். அதுதான் இரண்டாவது ஆச்சரியம். நறுக்கும்போது கண்ணைக் கரித்த அதே வெங்காயம் இப்போது இளஞ்சிவப்பாக, மென்மையாக, கடித்தால் கரகரவென்று, ஒரு துளி உறைப்பும் இல்லாமல் இருந்தது. அதே கிண்ணம், அதே இரண்டு மணி நேரம், அதே உப்பு. பழத்தைக் கொன்றது வெங்காயத்தை வாழ வைத்திருக்கிறது. சமையல் குறிப்புகளில் "எல்லாவற்றையும் கலந்து ஊற விடவும்" என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த 'எல்லாவற்றையும்' என்ற சொல்லில்தான் தப்பு இருந்தது. ஊற வேண்டியது வெங்காயமும் மிளகாயும். பழத்துக்கு ஊறல் விஷம். அளவைத் தேடிக்கொண்டிருந்தேன், நான் தேடியிருக்க வேண்டியது நேரத்தை.

அதிலிருந்து இப்படிச் செய்கிறேன். வெங்காயத்தை, சிவப்பாக இருந்தால் நல்லது, கடுகு அளவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நினைப்போடு பொடியாக நறுக்கிக் கால் கப் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மிளகாயைக் கீறி, உள்ளே வெள்ளையாக ஓடும் நரம்பைப் பாதி எடுத்துவிடுகிறேன். காரம் விதையில் இருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் உருவாவது அந்த வெள்ளைப் பகுதியில். விதை அதோடு ஒட்டியிருப்பதால் அதற்கும் காரம் பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஹலபீனோ மாதிரி சதைப்பற்றுள்ள மிளகாய் கிடைத்தால் அதுவே போதும். காரத்தோடு கொஞ்சம் பச்சை மணமும் தரும். இரண்டையும் கிண்ணத்தில் போட்டு, முழு சால்சாவுக்கும் வேண்டிய உப்பை, அரைத் தேக்கரண்டி, மொத்தமாக அதிலேயே போட்டு, ஒரு எலுமிச்சையைப் பிழிந்து 20 நிமிடம் விட்டுவிடுகிறேன். வெங்காயத்தை வெட்டும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களின் உறைப்பு அந்தப் புளிப்பில் அடங்கிவிடும். சிவப்பு வெங்காயம் அமிலம் பட்டதும் பளிச்சென்று நிறம் ஏறும். கிண்ணத்தின் அடியில் ஒன்றிரண்டு கரண்டி காரச்சாறு சேர்ந்திருக்கும். பழத்துக்கு வேண்டிய உப்பும் காரமும் புளிப்பும் ஏற்கெனவே கரைந்து, திரவமாகக் காத்திருக்கும். மேலே தூவிய உப்பு கரையக் காத்திருக்க வேண்டிய வேலை இனி பழத்துக்கு இல்லை.

பழத்தைத் தொடுவது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். ஸ்ட்ராபெர்ரியை முன்கூட்டியே கழுவி வைப்பதில்லை. ஈரம் பட்டு உட்கார்ந்தால் சாம்பல் பூஞ்சை ஏறிவிடும், ஒன்றில் வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் தாவும். கழுவும்போது காம்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் குடிக்கும். துடைத்து, காம்பு நீக்கி, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு வெட்டி, இரண்டு கப். புளூபெர்ரி அரைக் கப், பாதியை முழுசாகவும் பாதியை இரண்டாக வெட்டியும். எல்லாவற்றையும் முழுசாகப் போட்டால் சால்சாவோடு ஒட்டாமல் தனியே உருளும். கிண்ணத்தில் போட்டு இரண்டே புரட்டு. அப்புறம் கொத்தமல்லி. கொத்தமல்லி சிலருக்குச் சோப்பு மாதிரி மணக்கும், அதற்கு மரபணுவும் ஒரு காரணம் என்பதால் அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. புதினா போட்டுவிடலாம், பெர்ரிக்கு அது இன்னும் பொருத்தம் என்பது என் கட்சி. ராஸ்பெர்ரியைக் கரண்டி காட்டாமல் கையால் இரண்டாகப் பிய்த்து மேலே போடுவதோடு சரி, பிறகு யாரையும் கிளற விடுவதில்லை. காரம் தாங்காதவர்கள் இருந்தால் அவகாடோவைச் சிறு துண்டுகளாகச் சேர்ப்பேன். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், அதனால் வாயில் எரிச்சல் மட்டுப்படும்.

சர்க்கரை கிடையாது. தேனும் கிடையாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் 5 கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை இருக்கிறது என்றாலும் உப்பும் மிளகாயும் பக்கத்தில் வந்ததும் அதுவே இரண்டு மடங்காகத் தெரிகிறது. புளிப்பாக இருக்கிறதே என்று யாராவது வருத்தப்பட்டால், சால்சாவுக்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு என்பேன். தேனாக இனிக்கும் பழம் கையில் இருந்தால் அதை அப்படியே சாப்பிட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. முழுச் சிவப்பாக, இறுக்கமாக, லேசாகப் புளிக்கும் பழமே இதற்கு ஏற்றது. முழுச் சிவப்பு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு இனிப்பு ஏறாது. தோள்பட்டை வெளுத்த பழத்தை வாங்கி மேசையில் வைத்துக் காத்திருந்தால் நிறம் வேண்டுமானால் கொஞ்சம் கூடும், உள்ளே அதே பழம்தான். பருவம் முடிந்ததும் உறைய வைத்த பழத்திலும் முயன்றேன். உள்ளே பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போதே எல்லாம் சாறாக இறங்கியது. மறுபடியும் ஜாம்.

சென்ற முறை அக்கா மகள் வந்தபோது இந்தப் புது முறையில்தான் செய்தேன். சிப்ஸ் கிண்ணம் அவள் பக்கம் நகர்ந்து நகர்ந்து கடைசியில் அவள் மடியிலேயே உட்கார்ந்துவிட்டது. துண்டுகள் துண்டுகளாகவே இருந்தன, நிறம் நிறமாகவே இருந்தது. அண்ணன் வாயைத் திறக்காமல் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். முடித்துவிட்டுக் கிண்ணத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். "நல்லா இருந்துச்சு சித்தி. ஆனா போன தடவை அடியில ஒரு சிவப்புத் தண்ணி இருந்துச்சுல்ல? எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அந்த இரவு நான் குடித்ததை அவள் எனக்கு முன்னாலேயே குடித்திருக்கிறாள், சொல்லத்தான் இல்லை. இப்போது அவள் வருகிறாள் என்றால், பழம் பொறுக்கும்போதே நசுங்கியதையும் அதிகம் கனிந்ததையும் தனியாக ஒரு டம்ளரில் போடுகிறேன். ஒரு சிட்டிகை உப்பு, கால் மூடி எலுமிச்சை, ஒரு கீற்று மிளகாய் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, இரண்டு மணி நேரம் மூடி வைத்துவிடுகிறேன்.